தேடப்படும் கருவிக்கு மாறாத எண்

(குறுவள மையக் கூட்டத்தில் தொடக்க, உயர்நிலை, மேல்நிலைப் பள்ளி ஆசிரியர்களிடையே கணினிப் பயிற்றுநர் ஒருவர் ஆற்றிய உரை)



முதலில் ஒரு சின்னக் கணக்கு. உங்கள் வீட்டு வைஃபையில் இந்த நேரத்தில் எத்தனை கருவிகள் இணைந்திருக்கும்? உங்கள் செல்பேசி, வீட்டிலுள்ள மற்றவர்களின் செல்பேசிகள், பிள்ளைகளின் மடிக்கணினி, தொலைக்காட்சி, துறை வழங்கிய கைக்கணினி, சிலர் வீட்டில் பிரிண்டர், வாசலில் ஒரு கேமரா. விரல்விட்டு எண்ணினால் இரண்டு கைகளும் போதாமல் போகலாம். பள்ளியிலும் இன்று இதே நிலைதான். தொடக்கப் பள்ளியிலேயே திறன்மிகு வகுப்பறைத் திரை, இணைய இணைப்பு, கைக்கணினி என்று வந்துவிட்டன. கருவிகள் வந்துவிட்டன, அவற்றை நிர்வகிக்கும் சிறு பழக்கங்கள் இன்னும் நம்மிடம் வந்து சேரவில்லை.

அந்தப் பழக்கங்களில் ஒன்றைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன். ஒவ்வொரு கருவிக்கும் வலையமைப்பில் ஓர் எண் உண்டு. அதை ஐ.பி. முகவரி என்கிறோம். அந்த எண் சில கருவிகளுக்கு மாறலாம். சில கருவிகளுக்கு மாறவே கூடாது. எதற்கு மாறலாம், எதற்கு மாறக்கூடாது, மாறாமல் வைப்பது எப்படி? இந்த மூன்று கேள்விகளுக்கும் விடை தெரிந்தால் உங்கள் வீட்டிலும் பள்ளியிலும் வரும் பல தொல்லைகள் குறையும். கணினி ஆசிரியராக இருக்க வேண்டியதில்லை. வருகைப் பதிவேட்டைச் சரியாக எழுதத் தெரிந்த எவருக்கும் இது கைவரும்.

சேர்க்கை எண்ணும் தேர்வு இருக்கையும்

ஒரு மாணவனுக்கு நம் பள்ளியில் சேர்க்கை எண் ஒன்று இருக்கிறது. அவன் எந்த வகுப்புக்குப் போனாலும் அந்த எண் மாறாது. அதே மாணவனுக்குத் தேர்வு நாளில் ஓர் இருக்கை ஒதுக்குகிறோம். இன்று மூன்றாம் அறை, ஐந்தாவது இருக்கை; நாளை வேறு அறை, வேறு இருக்கை. சேர்க்கை எண் அவன் யார் என்று சொல்கிறது. இருக்கை எண் அவன் இப்போது எங்கே இருக்கிறான் என்று சொல்கிறது.

கருவிகளுக்கும் இப்படி இரண்டு எண்கள். தொழிற்சாலையிலேயே பதிந்து வருவது மேக் முகவரி. இது 48 பிட் நீளமுள்ளது. 0 முதல் 9 வரையிலான இலக்கங்களும் ஆங்கிலத்தின் முதல் ஆறு எழுத்துகளும் கலந்து 12 இடங்களில் எழுதப்படும். முதல் ஆறு இடங்கள் பெரும்பாலும் தயாரித்த நிறுவனத்தைக் குறிக்கும். இது சேர்க்கை எண் போன்றது. இரண்டாவது, வலையமைப்பில் சேரும்போது கிடைக்கும் ஐ.பி. முகவரி. 192.168.1.23 என்பது போல் நான்கு எண்களாக இருக்கும். இது தேர்வு இருக்கை போன்றது.

ஒரு கணினி பிரிண்டருக்குக் கோப்பை அனுப்பும்போது பெரும்பாலும் இந்த இருக்கை எண்ணை வைத்துத்தான் தேடுகிறது. இருக்கை மாறிவிட்டால் தேடி வந்தவர் வெறுங்கையோடு திரும்ப வேண்டியதுதான்.

என் வீட்டிலும் 192.168.1.1, உங்கள் வீட்டிலும் அதுவேதானா?

பலர் கேட்கும் கேள்வி இது. கணித ஆசிரியர்களுக்குப் பிடித்த விடை இதில் இருக்கிறது. நாம் பரவலாகப் பயன்படுத்தும் ஐ.பி. முகவரி 32 பிட் நீளமுள்ளது. இரண்டின் 32-ஆம் அடுக்கு 429,49,67,296. அதாவது ஏறத்தாழ 429 கோடி. உலகிலுள்ள செல்பேசி, கணினி, கேமரா எல்லாவற்றுக்கும் ஆளுக்கொன்று கொடுக்க இது போதாது. உலக அளவில் முகவரிகளைப் பகிர்ந்தளிக்கும் மையக் கையிருப்பில் இருந்த கடைசித் தொகுதிகள் 2011 பிப்ரவரியில் வழங்கப்பட்டுவிட்டன. 128 பிட் நீளமுள்ள புதிய முறையும் இப்போது பயன்பாட்டில் இருக்கிறது.

இந்தப் பற்றாக்குறையை முன்பே உணர்ந்து 1996 பிப்ரவரியில் ஒரு விதி எழுதினார்கள். 10 என்று தொடங்குபவை, 172.16 முதல் 172.31 வரை தொடங்குபவை, 192.168 என்று தொடங்குபவை ஆகிய மூன்று தொகுதிகளை யார் வேண்டுமானாலும் தம் சுவருக்குள் பயன்படுத்தலாம். வெளி இணையத்தில் இவை செல்லாது என்பதே அது. எல்லாத் தெருவிலும் ஐந்தாம் எண் வீடு இருப்பது போல, எல்லா வீட்டிலும் 192.168.1.5 இருக்கலாம். குழப்பம் வராது. வெளியிலிருந்து வரும் தபால் பள்ளியின் பெயருக்கு வருகிறது. உள்ளே யாருக்கு உரியது என்று அலுவலகத்தில் பிரித்துக் கொடுக்கிறார்கள் அல்லவா? அந்த வேலையை வீட்டில் செய்வது ரவுட்டர். தமிழில் திசைவி என்கிறோம்.

192.168.1 என்ற முதல் மூன்று எண்கள் மாறாமல் இருக்க, கடைசி எண் 0 முதல் 255 வரை போகலாம். மொத்தம் 256. முதலாவதும் கடைசியும் தனிப் பணிக்கு ஒதுக்கப்பட்டவை. மீதம் 254. ஒரு வீட்டுக்கோ சிறிய பள்ளிக்கோ இது தாராளம்.

எண்ணை யார் கொடுக்கிறார்?

புதிய செல்பேசி ஒன்று வைஃபையில் சேர்ந்ததும் ஓர் உரையாடல் நடக்கிறது. நான்கே வரி.

“இங்கே எண் கொடுப்பவர் யாராவது இருக்கிறீர்களா?” என்று செல்பேசி எல்லோருக்கும் கேட்கும்படி கூவுகிறது. “நான் இருக்கிறேன், 23 காலியாக உள்ளது, வேண்டுமா?” என்கிறது ரவுட்டர். “சரி, 23-ஐ எனக்கே கொடுங்கள்” என்கிறது செல்பேசி. “கொடுத்தேன், 24 மணி நேரத்துக்கு உன்னுடையது” என்று ரவுட்டர் உறுதி செய்கிறது. கண்ணிமைக்கும் நேரத்தில் இது முடிந்துவிடும்.

இந்த ஏற்பாட்டுக்கு டி.எச்.சி.பி. என்று பெயர். 1993-இல் முதலில் வெளியிடப்பட்டு, 1997 மார்ச்சில் திருத்தப்பட்ட விதிமுறைதான் இன்றும் இதற்கு அடிப்படை. அதை எழுதியவர் ரால்ஃப் டிராம்ஸ்.

இதில் கவனிக்க வேண்டியது கடைசி வரி. எண் சொந்தமாகக் கொடுக்கப்படுவதில்லை; குத்தகைக்குக் கொடுக்கப்படுகிறது. குத்தகைக் காலத்தில் பாதி கடந்ததும் கருவி, “நீட்டித்துத் தாருங்கள்” என்று கேட்கும். பதில் இல்லையென்றால் எட்டில் ஏழு பங்கு காலம் கடந்ததும் மறுபடி எல்லோரிடமும் கேட்கும். அப்போதும் பதில் இல்லாமல் காலம் முடிந்தால் எண்ணை விட்டுவிட வேண்டும். கருவி தொடர்ந்து இயங்கிக்கொண்டிருந்தால் நீட்டிப்பு தானாக நடக்கும்; எண் மாதக்கணக்கில் மாறாமலும் இருக்கலாம். அதனால்தான் நாம் ஏமாந்துபோகிறோம். மாறாத எண் என்று நினைத்துக்கொள்கிறோம். அது உண்மையில் இதுவரை மாறாத எண்.

விடுமுறைக்குப் பின் நின்ற பிரிண்டர்

நான் பணியாற்றிய ஒரு பள்ளியில் நடந்ததைச் சொல்கிறேன். தலைமையாசிரியர் அறையில் வைஃபை பிரிண்டர் ஒன்று. காலாண்டுத் தேர்வுக்கு அத்தனை வினாத்தாள்களையும் அதுதான் அச்சிட்டுக் கொடுத்தது. விடுமுறை முடிந்து பள்ளி திறந்ததும் எந்தக் கணினியிலிருந்தும் அச்சு வரவில்லை. திரையில் ‘ஆஃப்லைன்’ என்ற ஒரே பதில். பழுது பார்ப்பவர் ஒருவர் வந்து டோனரை மாற்றச் சொன்னார். மாற்றினார்கள். பயனில்லை. “மெஷின் போயிடுச்சு சார்” என்று முடிவு செய்து துணி போட்டு மூடிவிட்டார்கள்.

மூன்று வாரம் அலகுத் தேர்வு வினாத்தாள்கள் பென்டிரைவில் ஏறி, பேருந்து நிறுத்தத்தருகே உள்ள ஜெராக்ஸ் கடைக்குப் போயின. செலவை ஆசிரியர்கள் தம் பையிலிருந்து கொடுத்தார்கள். பணம்கூடப் பெரிதில்லை. ஒருநாள் பத்தாம் வகுப்பு அறிவியல் வினாத்தாள் அந்தக் கடைக் கணினியின் முகப்பிலேயே கிடந்ததை எங்கள் ஆசிரியை ஒருவர் பார்த்துவிட்டார். அதே கடைக்குத்தான் நம் பிள்ளைகளும் போகிறார்கள். யாராவது பார்த்தார்களா இல்லையா என்று தெரியாது. அவர் அன்றிரவு உட்கார்ந்து வேறொரு வினாத்தாளைக் கையால் எழுதினார். மறுநாள் அதைக் கரும்பலகையில் எழுதிப் போட்டுத் தேர்வு நடத்தினார். முதல் இருபது நிமிடம் எழுதிப் போடுவதிலேயே போயிற்று.

அதன் பிறகுதான் என்னைக் கூப்பிட்டார்கள். பெரும்பாலான வைஃபை பிரிண்டர்களில் அதன் வலையமைப்பு விவரத்தைத் தானே ஒரு தாளில் அச்சிடும் வசதி உண்டு. அதை அச்சிட்டுப் பார்த்தேன். தாள் பளிச்சென்று வந்தது. இயந்திரத்தில் ஒரு குறையும் இல்லை. அதன் எண் 192.168.1.37 என்று இருந்தது. கணினிகளோ 192.168.1.23-ஐத் தேடிக்கொண்டிருந்தன. ரவுட்டரின் பட்டியலைத் திறந்தால், 23 ஓர் ஆசிரியரின் செல்பேசியிடம் இருந்தது. விடுமுறையில் பிரிண்டரை அணைத்து வைத்திருந்தார்கள். குத்தகை முடிந்துவிட்டது. பள்ளி திறந்த அன்று முதலில் வந்த செல்பேசிக்கு 23 போய்விட்டது. பிறகு விழித்த பிரிண்டருக்கு 37 கிடைத்தது. எல்லோரும் தத்தம் வேலையைச் சரியாகவே செய்திருக்கிறார்கள்! ஆனால் வினாத்தாள் தெருவுக்குப் போய்விட்டது.

சரிசெய்ய ஆன நேரம் பத்து நிமிடம்.

மின்சாரம் போய் வந்தாலும் இது நடக்கும். வீட்டு ரவுட்டர்கள் சில, கொடுத்த எண்களின் பட்டியலை அணைந்தவுடன் மறந்துவிடும். மீண்டும் இயங்கும்போது யார் முதலில் கேட்கிறார்களோ அவர்களுக்குக் கொடுக்கும்.

எதற்கு மாறலாம், எதற்கு மாறக்கூடாது?

இதற்கு ஒரே அளவுகோல் போதும். அந்தக் கருவி மற்றவர்களைத் தேடிப் போகிறதா, மற்றவர்கள் அதைத் தேடி வருகிறார்களா?

செல்பேசி, மடிக்கணினி, கைக்கணினி ஆகியவை தேடிப் போகிறவை. இணையத்தைத் தேடுகின்றன, பிரிண்டரைத் தேடுகின்றன. அவற்றை யாரும் எண் சொல்லித் தேடுவதில்லை. அவற்றுக்கு எண் தினமும் மாறினாலும் நட்டமில்லை.

பிரிண்டர், கண்காணிப்புக் கேமராவின் பதிவுப்பெட்டி, எல்லோரும் கோப்பு எடுக்கும் பொதுக் கணினி, ஆய்வகத்தின் சர்வர் ஆகியவை தேடப்படுபவை. இவற்றுக்கு எண் மாறக்கூடாது. ரவுட்டருக்கோ எண் மாறவே கூடாது. அதுதான் எல்லோருக்கும் வாசல்.

பள்ளியில் மாணவர்கள் வகுப்புக்கு வகுப்பு மாறுவார்கள். தலைமையாசிரியர் அறையும் சத்துணவுக் கூடமும் இடம் மாறினால் யாருக்கும் வழி தெரியாது. அவ்வளவுதான் இதன் தத்துவம்.

நிலைப்படுத்த இரண்டு வழிகள்

முதல் வழி, கருவிக்குள்ளேயே போய் எண்ணைக் கையால் எழுதுவது. நான்கு விவரம் கேட்கும்: ஐ.பி. முகவரி, சப்நெட் மாஸ்க், இது பெரும்பாலும் 255.255.255.0, கேட்வே, அதாவது ரவுட்டரின் எண், டி.என்.எஸ்., பெரும்பாலும் இதுவும் ரவுட்டரின் எண்ணே. நான்கில் ஒன்று பிசகினாலும் இணைப்பு சரியாக இயங்காது. இன்னொரு இடர்ப்பாடு, நீங்கள் எழுதியது ரவுட்டருக்குத் தெரியாது. அது அதே எண்ணை வேறொருவருக்குக் கொடுத்துவிடலாம். ஓர் இருக்கையில் இரண்டு மாணவர்கள் உட்கார்ந்த கதைதான். ஒரு நேரம் வேலை செய்யும், ஒரு நேரம் செய்யாது. கண்டுபிடிக்க மிகவும் கடினமான பழுது இதுதான். நாளை ரவுட்டரை மாற்றினால், புதியது 192.168.0 என்று தொடங்கினால், ஒவ்வொரு கருவியாகப் போய்த் திருத்த வேண்டும்.

இரண்டாம் வழி, ரவுட்டரிடமே சொல்லிவைப்பது. “இந்த மேக் முகவரி உள்ள கருவி எப்போது வந்து கேட்டாலும் 192.168.1.10-ஐத்தான் கொடுக்க வேண்டும், வேறு யாருக்கும் அதைக் கொடுக்கக் கூடாது” என்று பதிந்துவிடுவது. இதை முகவரி ஒதுக்கீடு என்கிறோம். ரவுட்டர் திரையில் ‘அட்ரஸ் ரிசர்வேஷன்’ என்றோ ‘ஸ்டாட்டிக் லீஸ்’ என்றோ இருக்கும். கருவியில் எதையும் தொட வேண்டாம். அது வழக்கம்போல் கேட்கும். எப்போதும் ஒரே எண்தான் கிடைக்கும். எல்லா ஒதுக்கீடும் ஒரே பக்கத்தில் இருப்பதால் யார் வந்தாலும் பார்த்துப் புரிந்துகொள்ளலாம்.

வீட்டுக்கும் சிறிய பள்ளிக்கும் நான் பரிந்துரைப்பது இரண்டாம் வழியையே. ரவுட்டர், இரண்டாவது வைஃபைப் பெட்டி போன்றவற்றுக்கு மட்டும் முதல் வழி.

செய்யும் முறை

ஒன்று: பிரிண்டரின் வலையமைப்புத் தாளை அச்சிட்டு, அதிலுள்ள மேக் முகவரியைக் குறித்துக்கொள்ளுங்கள். கேபிளுக்கு ஒரு மேக் முகவரி, வைஃபைக்கு ஒரு மேக் முகவரி என்று இரண்டு இருக்கும். எந்த வழியில் இணைத்திருக்கிறீர்களோ அதற்குரியதை எடுக்க வேண்டும். விண்டோஸ் கணினியின் மேக் முகவரி வேண்டுமென்றால், கட்டளைச் சாளரத்தைத் திறந்து ‘ஐபிகான்ஃபிக்’ என்ற சொல்லை ஆங்கிலத்தில் இடைவெளியின்றி எழுதி, ஓர் இடைவெளி விட்டு, சாய்கோடும் ‘ஆல்’ என்ற சொல்லும் சேர்த்துத் தட்டுங்கள். எண், ரவுட்டரின் எண், குத்தகை முடியும் நேரம் எல்லாம் திரையில் வரும்.

இரண்டு: உலாவியில் ரவுட்டரின் எண்ணைத் தட்டிக் கடவுச்சொல் கொடுத்து உள்ளே செல்லுங்கள். ரவுட்டரின் கடவுச்சொல் கடையிலிருந்து வந்ததாகவே இருந்தால் இன்றே மாற்றிவிடுங்கள். வைஃபை கடவுச்சொல் வேறு, ரவுட்டரின் நிர்வாகக் கடவுச்சொல் வேறு. இரண்டும் ஒன்றாக இருக்கக்கூடாது.

மூன்று: ரவுட்டர் பொதுவாகப் பகிர்ந்து கொடுக்கும் எண்களின் எல்லையைப் பாருங்கள். அதை 100 முதல் 199 வரை என்று வைத்தால் கணக்கு எளிது. எத்தனை எண்கள்? 99 அல்ல, 100. வகுப்பில் கேட்டுப் பாருங்கள், பாதிப் பேர் 99 என்பார்கள்.

நான்கு: 100-க்குக் கீழே உள்ளதைத் தேடப்படும் கருவிகளுக்குப் பிரித்துக்கொள்ளுங்கள். ரவுட்டருக்கு 1. கூடுதல் வைஃபைப் பெட்டிகளுக்கு 2 முதல் 9. பிரிண்டர்களுக்கு 10 முதல் 19. கேமராப் பெட்டிக்கு 20 முதல் 39. பொதுக் கணினிகளுக்கு 40 முதல் 49. சில ரவுட்டர்கள், பகிர்வு எல்லைக்குள் உள்ள எண்ணையே ஒதுக்க விடும். அப்படியானால் எல்லையின் தொடக்கத்தில் சில எண்களை இதற்கென்று வைத்துக்கொள்ளுங்கள். கருவியில் கையால் எழுதும் எண் மட்டும் எப்போதும் எல்லைக்கு வெளியே இருக்க வேண்டும்.

ஐந்து: ஒதுக்கீட்டைச் சேமித்து, பிரிண்டரை அணைத்துப் போடுங்கள். புதிய எண்ணை வாங்கிக்கொள்ளும். கணினிகளில் பிரிண்டரை அந்த எண்ணில் ஒருமுறை சேர்த்துவிடுங்கள்.

ஒரு வேண்டுகோள். உயர் தொழில்நுட்ப ஆய்வகத்தின் வலையமைப்பு, பொருத்தியவர்கள் ஒரு திட்டத்தோடு அமைத்தது. அங்கே நாமாக எண்ணை மாற்ற வேண்டாம். பொறுப்பாளரிடம் கேட்டுச் செய்வோம். நான் சொல்வது வீட்டுக்கும், பள்ளி அலுவலகத்தில் நாமே வாங்கி வைத்த சிறு ரவுட்டருக்கும்தான்.

அடிக்கடி காணும் நான்கு சிக்கல்கள்

முதலாவது, 169.254 என்று தொடங்கும் எண். இதைக் கண்டால் ரவுட்டரைக் குறை சொல்லுமுன் கேபிளைப் பாருங்கள். எண் கொடுப்பவர் யாரும் பதில் சொல்லாதபோது கருவி தானே வைத்துக்கொள்ளும் எண் இது. இணைப்பு அறுந்திருக்கலாம், ரவுட்டர் அணைந்திருக்கலாம்.

இரண்டாவது, எண்கள் தீர்ந்துபோவது. பெற்றோர் கூட்டத்தன்று வைஃபை கடவுச்சொல்லைப் பலரிடம் சொல்லிவிட்டோம் என்று வையுங்கள். பகிர்வு எல்லையில் 50 எண்கள்தான் என்றால், ஐம்பத்தோராவது செல்பேசிக்கு எண் இல்லை. வந்தவர்கள் வீட்டுக்குப் போன பிறகும் குத்தகை 24 மணி நேரம் அவர்கள் பெயரிலேயே இருக்கும். வருவோர் போவோர் மிகுந்த இடத்தில் குத்தகையை இரண்டு மணி நேரமாகக் குறைக்கலாம், எல்லையைக் கூட்டலாம். வீட்டுக்கு 24 மணி நேரமே போதும்.

மூன்றாவது, ஒரே சுவருக்குள் எண் கொடுப்பவர் இருவர். மாடி வகுப்பறைக்குச் சிக்னல் வரவில்லை என்று இன்னொரு ரவுட்டர் வாங்கி மாட்டுகிறோம். அதுவும் எண் கொடுக்கத் தொடங்கும். ஒரு பள்ளிக்கு இரண்டு பேர் தனித்தனியாகத் தேர்வு இருக்கை போட்டால் என்ன ஆகும்? இரண்டாவது ரவுட்டரில் டி.எச்.சி.பி.யை நிறுத்தி, அதற்கு 192.168.1.2 என்று எண் கொடுத்து, முதல் ரவுட்டரிலிருந்து வரும் கேபிளை அதன் ‘லான்’ துளையில் செருகுங்கள், ‘வான்’ துளையில் அல்ல. ‘ஆக்சஸ் பாயின்ட்’ என்ற தேர்வு அதில் இருந்தால், அதையே எடுத்துக்கொள்ளலாம்; கேபிளை எங்கே செருகுவது என்று அதன் கையேடு சொல்லும்.

நான்காவது, செல்பேசிகளின் புனைபெயர். 2019-இல் வந்த ஆண்ட்ராய்டு 10 முதலும், 2020-இல் வந்த ஐ.ஓ.எஸ். 14 முதலும், செல்பேசிகள் தம் உண்மையான மேக் முகவரியைச் சொல்லாமல் ஒவ்வொரு வைஃபைக்கும் ஒரு புனைபெயரைச் சொல்கின்றன. கடைத்தெருவிலும் நிலையத்திலும் நம்மைப் பின்தொடராமல் இருக்க இது நல்ல ஏற்பாடு. செல்பேசிக்கு நிலையான எண் தேவையில்லை என்பதால் நமக்குக் கவலையுமில்லை. ஆனால் வீட்டில், “பிள்ளையின் கைக்கணினிக்கு இரவு ஒன்பது மணிக்கு மேல் இணையம் வேண்டாம்” என்று ரவுட்டரில் விதி போட்டிருந்தால், புனைபெயர் மாறும்போது விதி கைநழுவிப் போகும். அந்தக் கருவியில், உங்கள் வீட்டு வைஃபைக்கு மட்டும், புனைபெயரை நிறுத்திவிடுங்கள். கூடவே, ஏன் நிறுத்துகிறோம் என்று பிள்ளையிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள்.

இணைய நிறுவனம் உங்கள் வீட்டுக்குக் கொடுக்கும் வெளி முகவரியும் பெரும்பாலும் மாறிக்கொண்டேதான் இருக்கும். அதை நிலைப்படுத்தத் தனிக் கட்டணம் கேட்பார்கள். நம் தேவைகளுக்கு அது வேண்டியதில்லை. கேமராப் பெட்டியை இணையத்துக்கு நேரே திறந்துவிடச் சொன்னால் மறுத்துவிடுங்கள். அதில் தெரிவது நம் பிள்ளைகளின் முகம்.

வகுப்பறைக்கு என்ன எடுத்துச் செல்லலாம்?

நான்காம், ஐந்தாம் வகுப்பில் இதை விளையாட்டாகவே நடத்தலாம். ஒரு குழந்தை ரவுட்டர். கையில் 1 முதல் 10 வரை எழுதிய அட்டைகள். மற்றவர்கள் ஒவ்வொருவராக வந்து எண் கேட்டு வாங்க வேண்டும். ஒரு குழந்தைதான் பிரிண்டர். அவளுக்கு 3 கிடைத்தது என்று எல்லோரும் எழுதிக்கொள்ளட்டும். பிறகு அட்டைகளைத் திரும்ப வாங்கி, மறுபடி கொடுங்கள். இப்போது மூன்றாம் எண்ணுக்குக் கடிதம் அனுப்பச் சொல்லுங்கள். கடிதம் வேறொருவரிடம் போகும், வகுப்பே சிரிக்கும். “இப்படிப் போகாமலிருக்க என்ன செய்யலாம்?” என்று கேளுங்கள். “அவளுக்கு மட்டும் எப்பவும் மூணு கொடுக்கணும் டீச்சர்” என்ற விடை குழந்தைகளிடமிருந்தே வரும். வந்த பிறகு பெயர் சொன்னால் போதும்.

ஒன்பதாம் வகுப்பில் அடுக்குகள் நடத்தும்போது இரண்டின் எட்டாம் அடுக்கு 256 என்பதை ரவுட்டர் எண்ணோடு சேர்த்துக் காட்டலாம். பன்னிரண்டாம் வகுப்புக் கணினிப் பயன்பாடுகள் பாடநூலில் வலையமைப்புப் பாடங்கள் இருக்கின்றன. அங்கே சொல்லப்படும் எண்களைப் பள்ளியின் ரவுட்டர் பட்டியலிலேயே காட்டினால், மனப்பாடம் செய்த பகுதி கண்ணுக்குத் தெரிந்த பொருளாகிவிடும். செல்பேசிகளின் பெயர்கள் தெரியும் பகுதியை மட்டும் மறைத்துவிட்டுக் காட்டுங்கள்.

ஒரு பக்கம் எழுதி வையுங்கள்

கடைசியாக, இன்று நான் வந்ததே இதைச் சொல்லத்தான்.

நம் பள்ளிகளில் இந்த வேலை தெரிந்தவர் பெரும்பாலும் ஒருவர்தான் இருப்பார். கடவுச்சொல்லும் அவருக்குத்தான் தெரியும், எந்த எண் எதற்கு என்பதும் அவருக்குத்தான் தெரியும். பணியிட மாறுதல் கலந்தாய்வில் அவருக்கு வேறு ஊர் கிடைத்தால், பள்ளியின் வலையமைப்பும் அவரோடு பேருந்து ஏறிவிடும். பிறகு வருபவர் எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்குவார், அல்லது துணி போட்டு மூடுவார். மேசை நாற்காலிக்கு இருப்புப் பதிவேடு எழுதுகிறோம். எண்களுக்கு ஏன் எழுதுவதில்லை?

ஒரு பக்கம் போதும். ஐந்து கட்டங்கள் போடுங்கள்: கருவியின் பெயர், இருக்கும் இடம், மேக் முகவரி, ஒதுக்கிய எண், ஒதுக்கிய நாள். மேலே ரவுட்டரின் எண்ணையும் பகிர்வு எல்லையையும் எழுதுங்கள். ஒரு படியை இருப்புப் பதிவேட்டில் ஒட்டுங்கள், மற்றொன்றை அலுவலகத்தில் வையுங்கள். கடவுச்சொல்லை இந்தத் தாளில் எழுத வேண்டாம். மூடிய உறையில் தலைமையாசிரியரிடம் இருக்கட்டும். மாறுதலில் போகும்போது பொறுப்பு ஒப்படைக்கும் பட்டியலில் இந்தத் தாளையும் ஒரு வரியாகச் சேர்த்துவிடுங்கள். வீட்டிலும் இப்படியே. ரவுட்டரைப் பார்த்துக்கொள்பவர் ஊரில் இல்லாத நாளில்தான் அது நிற்கும். வீட்டிலிருக்கும் மற்றவர்கள் அந்தத் தாளை எடுத்துப் பார்க்க முடிய வேண்டும்.

இந்த வாரம் மூன்று வேலைகள் செய்யுங்கள். உங்கள் ரவுட்டரின் பட்டியலைத் திறந்து, அதில் இருக்கும் ஒவ்வொரு கருவியும் யாருடையது என்று அடையாளம் காணுங்கள். தேடப்படும் கருவி ஒன்றுக்கு, பிரிண்டராகவே இருக்கட்டும், எண்ணை ஒதுக்குங்கள். அதை ஒரு தாளில் எழுதுங்கள். செய்து முடித்ததும் பக்கத்துப் பள்ளி ஆசிரியர் ஒருவருக்குச் சொல்லிக் கொடுங்கள். அடுத்த கூட்டத்தில் நாம் சந்திக்கும்போது, இந்த வட்டாரத்தில் எந்தப் பள்ளியின் வினாத்தாளும் பிரிண்டர் இருந்தும் வெளிக்கடைக்குப் போவதில்லை என்ற நிலை வந்திருந்தால், அதைவிட மகிழ்ச்சி எனக்கு வேறில்லை.